மச்சான் வயிற்றில் ஒரு விமானப் பாதை

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பும் தையல்காரரும் அவர் மனைவியும் பயணச்சீட்டு எடுக்க வந்தார்கள். கூடவே, யாரும் கூப்பிடாமலே, லாரி ஓட்டும் மச்சானும் வந்துவிட்டார்.

கவுன்டர் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "பன்னிரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். இதுதான் பாதை."

பாதை வானவில் மாதிரி வளைந்து, வடக்கே பனிக்கடலைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இது சுத்து வழிம்மா! நேரா கோடு போட்டா கிட்டத்துல வருதே. முப்பது வருஷமா வண்டி ஓட்டுறவன்கிட்டயேவா?"

"சார், பூமி உருண்டை. வளைஞ்சு போனாத்தான் தூரம் கம்மி."

"மாப்பிள்ளை, நம்மளக் கேனையனாக்குறாங்க!"

தையல்காரருக்கும் சந்தேகம்தான். ஆனால் உருண்டையில் அளவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. கழுத்திலேயே கிடக்கும் டேப்பைத் தொட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் உருண்டையாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். பார்வை மச்சானின் வயிற்றில் வந்து நின்றது.

"மச்சான், அப்படியே நில்லுங்க."

தொப்புள்தான் பூமத்திய ரேகை என்று முடிவாயிற்று. அதற்கு நாலு விரல் மேலே, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று சட்டையில் சாக்பீஸால் இரண்டு விமான நிலையங்கள் வைத்தார். முதலில் குறுக்கே நேராகப் பிடித்தார். மச்சான் மூச்சை உள்ளே இழுத்தார். பூமி சுருங்கியது.

"அண்ணா, திருட்டுத்தனம் பண்ணாதே, மூச்சை விடு!" என்றாள் மனைவி.

மூச்சை விட்டார். இருபத்து நாலு அங்குலம். முனைகளை அசைக்காமல் டேப்பின் நடுவை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றி, நெஞ்சுப் பக்கமாக வளைத்துப் பிடித்தார். இருபத்திரண்டரை!

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தையல்காரருக்கு உச்சி குளிர்ந்தது. மச்சான் மட்டும், "என் வயிறு கணக்குல சேராது" என்று முணுமுணுத்தார்.

நாற்காலியில் காத்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார். "ஐயா, என் மகளும் மருமகனும் வேற வேற ஊர்ல வேலை பார்க்கிறாங்க. ரெண்டு ஊருமே பூமத்திய ரேகைக்குத் தெற்கே. அவங்களுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு பார்க்கணும். விமானம் எப்படிப் போகும்?"

"அது கீழ்ப்பக்கமா வளையும்மா," என்றாள் கவுன்டர் பெண்.

தையல்காரர் தொழில் பக்தியோடு முட்டி போட்டு டேப்பை இறக்கினார்.

"யோவ்!" மச்சான் இரண்டு கைகளாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வாசலைத் தாண்டினார்.

ஜன்னலோரமாகவே இடம் கிடைத்த சந்தோஷத்தில் கணவனும் மனைவியும் வெளியே வந்தபோது, லாரிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மச்சான்.

"மாப்பிள்ளை, டேப்பை முதல்ல தங்கச்சி பையில போடுங்க," என்றார், கண்ணாடியை அரை அங்குலம் இறக்கி. "அப்புறம்தான் கதவு."