நேரில் கண்டவன்

ஐஸ்காரர் என்று தெருவே கூப்பிட்டாலும் அவர் ஐஸ் விற்றவர் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த ஐஸ் ஃபேக்டரியில் வாலிபத்தில் சேர்ந்து, அதை இழுத்து மூடுகிற வரைக்கும் ஆள் உயரக் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்தவர். வேலை போனதும் கை ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. வீட்டம்மா ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அம்மாவின் நிலைமையைப் பார்த்து மனம் பொறுக்காத மகள் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து வைத்து, வலைப்பூ ஒன்றைத் திறந்து கொடுத்தாள். "இதுல எழுதுங்கப்பா. யாராவது படிப்பாங்க."

எழுதினார். முழங்கால் வலியைப் பற்றி எழுதினார். சொட்டுகிற குழாயைப் பற்றி, எதிர்வீட்டு நாய் கொட்டாவி விடும் அழகைப் பற்றி, ஆரஞ்சுத் தோலை அறுந்துபோகாமல் ஒரே சுருளாக உரிப்பதைப் பற்றியெல்லாம் எழுதினார். இடையிடையே ஐஸ் ஃபேக்டரி வரும். குளிர் அறைக்குள் மாட்டியிருந்த கடிகாரம் விறைத்துப்போய், ஒரு மணி நேரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுமாம். அதனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வயது ஏறுவது மட்டுப்பட்டு, பிறப்புச் சான்றிதழ் சொல்வதைவிட அவர் ஏழு வருடம் இளையவராம். இதையெல்லாம் கரண்ட் பில் பற்றி எழுதுகிற அதே முகத்தோடு எழுதுவார்.

படிக்க வந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குவார்கள். அதில் ஒருவர் வழி தவறி வந்தவர்.

ஒருநாள் மேனேஜரின் மீசையைப் பற்றி எழுதினார். மேனேஜர் குளிர் அறைக்குள் தும்மினார், விறைத்திருந்த மீசையின் இடது பாதி பிஸ்கட் மாதிரி ஒடிந்து விழுந்தது, அதைத் தேடாத இடமில்லை, கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் ஜூஸ் குடித்தவரின் டம்ளரில் ஐஸோடு மிதந்தது. இவ்வளவுதான் பதிவு. மறுநாள் அதற்கு ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

"இடது பாதி என்று எழுதியிருப்பது தவறு. வலது பாதி. பசை தடவி ஒட்டியவன் நான்தான். அவசரத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அது மூக்கைப் பார்த்து வளர ஆரம்பித்து, மேனேஜர் ஓய்வு பெறும்வரை தும்மிக்கொண்டே இருந்தார். இப்படிக்கு, நேரில் கண்டவன்."

ஐஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மேனேஜருக்கு மீசையே கிடையாது. இல்லாத மீசையில் இடமா வலமா என்று சண்டைக்கு வரக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். தெர்மாமீட்டர்.

ஒல்லியாக, நெடுநெடுவென்று, கோபம் வந்தால் சிவப்பு கழுத்திலிருந்து நெற்றிக்கு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிற ஆள். அதனால் அந்தப் பெயர். ஃபேக்டரியில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். லாரி வருகிற வரைக்கும், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகளில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவன் புளுகுவான், மற்றவன் அதை மறுக்காமல் மேலே ஒரு மாடி கட்டுவான். "பொய்" என்ற சொல்லை யார் முதலில் சொல்கிறானோ அவன் அன்றைக்கு மற்றவனின் கட்டிகளையும் சேர்த்து இழுக்க வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. முதுகு வலிக்கு அவ்வளவு பயம்.

ஃபேக்டரி மூடியதும் தெர்மாமீட்டர் மகனோடு போய்விட்டான். மகனுக்கு ஊர் ஊராக மாற்றல். போன் நம்பர் ஒருமுறை மாறியது, மறுமுறை மாறியது, அப்புறம் தொலைந்தே போனது. இப்போது எங்கிருந்தோ, வலது பாதி என்று அடித்துச் சொல்கிறான்.

"நீதானாடா?" என்று ஐஸ்காரர் கேட்கவில்லை. கேட்டால் ஆட்டம் கலைந்துவிடும். "வலது பாதி என்பது கண்ணாடியில் பார்த்தவர்கள் சொல்வது" என்று பதில் போட்டார். அதற்கு நாலு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு பதிவு, ஒரு மறுப்பு.

"வந்தாச்சா உங்க நேரில் கண்டவன்?" என்பாள் வீட்டம்மா. "முகத்துல பல்பு எரியுதே. கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி எரியல."

"அன்னிக்குக் கரண்ட் இல்லை" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் மருமகன் கை வைத்தான். தங்கமான பிள்ளை. கம்பெனிகளுக்கு இணையத்தில் என்ன எழுதலாம், எப்படி எழுதலாம் என்று சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த கையோடு வலைப்பூவை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, பல் டாக்டர் மாதிரி உச் கொட்டினான்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த பிளாக் எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் வேணும் மாமா. இங்க முழங்கால் இருக்கு, நாய் இருக்கு, ஆரஞ்சு இருக்கு, மீசை இருக்கு. படிக்க வர்றவன் எதுக்கு வருவான்? உங்க வாசகர் யாரு? என்ன வயசு, என்ன தொழில், அவருக்கு என்ன பிரச்சினை?"

ஐஸ்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அவருக்கே தெரியாது மாப்பிள்ளை" என்றாள் வீட்டம்மா, சமையலறையிலிருந்து. "எதுக்குன்னு தெரியாமதான் அவர் எல்லாமே செய்வார்."

மருமகன் அன்றைக்கே மருந்தும் சொன்னான். ஒரே விஷயம், அதுவும் உபயோகமான விஷயம். "முப்பது வருஷம் குளிர்லயே இருந்தவர் நீங்க. ஃப்ரிட்ஜ் பத்தி எழுதுங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு ஏது?" சாயங்காலத்துக்குள் வலைப்பூவின் பெயர் 'ஃப்ரிட்ஜ் நண்பன்' ஆனது. பழைய பதிவுகள் எல்லாம் யார் கண்ணுக்கும் படாமல் உள்ளே ஒளித்துவைக்கப்பட்டன. ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் தொடர்புக்கு என்று வீட்டு போன் நம்பர் வந்தது.

மருமகன் சொன்னது பொய்யில்லை. கதவு ரப்பரில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்று ஐஸ்காரர் எழுதினார், கூட்டம் கூடியது. ஃப்ரிட்ஜை ஏன் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று எழுதினார், நூற்றுக்கணக்கில் வந்தார்கள். "நன்றி ஐயா, வாடை போய்விட்டது" என்று முகம் தெரியாத பெண்கள் எழுதினார்கள். கொஞ்ச நாள் அவர் தெருவில் நடக்கும்போது நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் போனது.

நேரில் கண்டவன் மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் போனது. கோபமாக இருக்கும் என்று நினைத்தார். இன்னும் ஒரு வாரம். கணினி கெட்டிருக்கும். மாதம் ஒன்று தாண்டியதும் வேறு மாதிரி நினைப்பு வந்தது. அவர்கள் வயதில் ஒருவன் பேசாமல் இருந்தால் அதற்குக் காரணங்கள் அதிகம் இருப்பதில்லை.

விசாரிக்க நம்பர் இல்லை. விலாசம் இல்லை. இருந்த ஒரே வாசல் வலைப்பூ. அதையும் ஃப்ரிட்ஜை வைத்து அடைத்தாகிவிட்டது.

பகலில் கணினி முன்னால் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் ஃப்ரிட்ஜ் இருக்கும், கண்ணில் ஃபேக்டரி இருக்கும். கொளுத்துகிற கோடையில் இரண்டு பேரும் தடித்த கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். பெரிய கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடும். கொக்கி விழுகிற 'ணங்' சத்தம், கட்டி வழுக்குகிற 'சர்' சத்தம், சாக்குத் துணியின் ஈர வாசனை. இடைவேளையில் வெயிலுக்கு வந்தால் கோட்டிலிருந்து ஆவி எழும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். "உள்ளுக்குள்ள வெந்துட்டோம், இறக்கி வெச்சிருக்காங்க" என்பான் தெர்மாமீட்டர், சிரிக்காமல். அவன் சிரித்தே ஐஸ்காரர் பார்த்ததில்லை. நெற்றி மட்டும் லேசாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகத்தான் அவர் அத்தனை வருடம் புளுகினார் என்பது இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் தெரிந்தது.

தூண்டில் போட்டுப் பார்த்தார். ஐஸ் கட்டிக்குள் உறைந்திருந்த மீன் ஒன்று வெட்டும்போது விழித்துக்கொண்டு மணி கேட்டது என்று ஒரு பதிவு எழுதினார். நோக்கம் மாறக் கூடாது என்று மருமகன் சொல்லியிருந்தபடியால் அடியில் 'மீனை ஃப்ரிட்ஜில் வைக்க மூன்று குறிப்புகள்' என்றும் சேர்த்தார். வாடை போன பெண்களில் ஒருவர் "குறிப்புகள் அருமை, மேலே இருப்பது என்ன?" என்று கேட்டிருந்தார். அவன் வரவில்லை. இதைவிடப் பெரிதாக இன்னொன்று எழுதினார், இன்னும் மூன்று குறிப்புகளோடு. அதற்கும் வரவில்லை.

மூன்றாவதாக எழுத உட்கார்ந்த காலையில் அவருக்குப் பொய் வரவில்லை. வாய் வறண்டால் எச்சில் வராதது மாதிரி. சரி, வருவதை எழுதுவோம் என்று எழுதினார்.

"ஃபேக்டரியின் கடைசி நாள் மதியம் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அது அத்தனை வருடம் இரைந்துகொண்டிருந்தது என்பது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குழாய்களில் இருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மிச்சமிருந்த கட்டிகளை யாரும் எடுக்க வரவில்லை. நானும் என் நண்பனும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். என் பஸ் முதலில் வந்தது. ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது."

குறிப்புகள் எதுவும் சேர்க்கவில்லை. அப்படியே வெளியிட்டுவிட்டுக் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. யாருக்கோ ஃப்ரிட்ஜ் ஒழுகுகிறது என்று நினைத்து எடுத்தார்.

"டேய், உடம்புக்கு என்னடா?"

தெர்மாமீட்டரின் குரல்.

"எந்த ஆஸ்பத்திரில இருக்க? மறைக்காம சொல்லு. டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கான்?"

"ஆஸ்பத்திரியா? நான் வீட்ல இருக்கேன்டா. இப்பத்தான் குளிச்சிட்டு வர்றேன்."

"சும்மா கதை விடாத. முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அதுல ஒரு பொய்கூட இல்லையேடா! மருமகளைக் கூப்பிட்டு, என் சட்டையை எடும்மா, ஒருத்தன் சாகக் கிடக்கான்னுட்டேன்."

ஐஸ்காரர் ஈரத் துண்டைத் தோளில் போட்டார். "நீ செத்துட்டியோன்னு நான் இங்க கிடந்து தவிக்கிறேன், நீ என்னைக் கேக்குற" என்றார். "ரெண்டு மாசமா வாயே திறக்கலையே, ஏன்?"

"எதைத் திறக்கச் சொல்ற? கதவு ரப்பரைத் துணியால துடைன்னு எழுதுற. துடைச்சேன். சரியாயிடுச்சு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

"மீன் மணி கேட்டுச்சே, அதுக்கு?"

"அது வேற யாரோ எழுதுனதுன்னு நினைச்சேன். பொய்க்குக் கீழ டிப்ஸ் போடுறவன் நம்ம ஆளா? மீன் மணி கேட்டா, கடிகாரம் நின்னிருந்துச்சுன்னு பதில் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கீழ பார்த்தா, மீனைக் கழுவித் துடைத்து டப்பாவில் வைக்கவும். மனசு விட்டுப்போச்சு."



"சரி, நல்லாத்தான இருக்க?" என்றான் தெர்மாமீட்டர்.

"முழங்கால் வலிதான்."

"அது பழைய பொய். போனை வை. எனக்கு வேலை இருக்கு."

"உனக்கு என்னடா வேலை?"

"எழுதணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நம்பரை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டம்மா கையால் சாடை காட்டிக்கொண்டே இருந்தாள். போனில் நம்பர் தானாகவே விழுந்திருந்தது. அவள்தான் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். வலைப்பூவைத் திறந்தவன் திரும்பிப் பார்த்தான். பெயர்ப்பலகையில் ஃப்ரிட்ஜைக் காணோம். ஒளித்துவைத்த மீசை, கடிகாரம் எல்லாம் வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஃப்ரிட்ஜ் சம்பந்தப்பட்ட எல்லாம் தனியாக ஓர் அறையில், படிக்கிறவர்களுக்கு வசதியாக, மகள் கையால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முழங்கால், நாய், ஆரஞ்சு மூன்றையும் ஐஸ்காரரே அழித்திருந்தார்.

"மாமா, நல்லாப் போய்க்கிட்டிருந்ததே!"

"நீங்க கேட்டீங்கல்ல மாப்பிள்ளை, வாசகர் யாருன்னு? அன்னிக்குத் தெரியல. இப்பச் சொல்றேன். வயசு எழுபத்து மூணு. தொழில், ஐஸ் இழுத்தது. பிரச்சினை, பொழுது போகல."

"ஒருத்தருக்காகவா ஒரு பிளாக்? அவருக்கு போன் பண்ணிடலாமே மாமா. நம்பர்தான் சுவர்லயே இருக்கே."

"போன்ல சொன்னா உடனே எதையாவது சொல்லித் தப்பிச்சிருவான். எழுதினாதான் நாலு நாள் யோசிச்சு நல்ல பொய்யாச் சொல்வான்."

மருமகன் யோசித்தான். அவனுக்கு அவன் தொழில் தெரியும். "மாமா, பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றான் மெதுவாக. "ஒரு ஆளை மனசுல வெச்சு எழுதுங்கன்னு. ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க." பிறகு அவனே உட்கார்ந்து, வலைப்பூவின் தலைப்புக்குக் கீழே மாமா சொல்லச் சொல்லத் தட்டினான்: 'ஐஸ் ஃபேக்டரியில் நடந்தவை மட்டும். படிக்க வேண்டியவர் ஒருவர். மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம்.'

தட்டி முடித்தபோது திரையில் ஒரு பின்னூட்டம் வந்து விழுந்தது. கடைசி நாள் பதிவுக்கு வந்தது அது. மருமகன் எழுந்து நாற்காலியை மாமாவுக்கு விட்டான்.

"தங்கள் பதிவில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது. அன்றைக்கு மிச்சமிருந்த கட்டிகளில் ஒன்று, கதவு திறந்திருப்பதைப் பார்த்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, உங்கள் இருவருக்கும் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை வந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்காததால் உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பஸ் போன பிறகு அது உங்கள் நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதது. வெயிலில் கரைகிறது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இப்படிக்கு, நேரில் கண்டவன்."

ஐஸ்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். வீட்டம்மா தோளுக்கு மேலாகக் குனிந்து படித்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தார்.

"இது முற்றிலும் தவறான தகவல். அந்தக் கட்டி என் பஸ்ஸில் ஏறி, என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. என் சட்டை முழுக்க ஈரம்."