தேவசேனா வீட்டில் எல்லோரும் மொட்டை

1

இந்தக் கதை திருமலை பஸ்ஸில் பிறந்தது. என் முன் சீட்டில் ஒரு குடும்பமே மொட்டையடித்துச் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தது. இவர்களைப் பார்த்தால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்குக் கோவிந்தா தோன்றும்.

முதல் வரி: 'ஏழுமலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல...' (வேண்டாம். புற்றுநோய்க் கதையில் சூரியன் மறைந்தால் வாசகர் பயந்துவிடுவார்.)

2

மோகனப்ரியா திருப்பதியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர். சித்தூர், நகரி பக்கத்து நர்ஸுகள் பதியும் தகவல்களைத் திரையில் பார்த்து, யாருக்கு என்றைக்கு மருந்து, யாருக்கு வண்டி என்று ஏற்பாடு செய்பவள். (அவளைச் சிடுமூஞ்சியாக வைக்கலாமா என்று... சரி, திரையே சிடுசிடுக்கிறது, போதும்.)

இன்று காலை திரை சிவந்தது. நகரி தேவசேனா: முதல் ஊசிக்கு மறுநாளே முழு முடி இழப்பு. வீட்டில் வேறு யாருக்காவது? கணவர், மகன், கொழுந்தனார். நர்ஸ் யஸ்வந்த் கண்ணால் கண்டதைத்தான் பதிந்திருந்தார். ஊசி நாளன்று அதைச் சரிபார்த்த கம்ப்யூட்டருக்கு, வீட்டுக்கே ஏதோ விஷமோ என்று குலை நடுங்கிவிட்டது. இன்றைய இரண்டாவது ஊசியை நிறுத்தி, வண்டியையும் ரத்து செய்துவிட்டது.

3

மோகனப்ரியா போன் போட்டாள்.

“பையெல்லாம் கட்டிக்கினு ரோட்ல நிக்கறேன் மேடம். வண்டி வராதாமே?”

“அக்கா, முடி எப்போ கொட்டிச்சு?”

“கொட்டவே இல்ல. எப்டியும் போற முடி, குப்பைக்குப் போறதுக்குப் பெருமாளுக்கே குடுத்துடலாம்னு ஊசிக்கு முன்னாடியே மலைக்குப் போயி குடுத்துட்டேன். தொணைக்கு வூட்ல ஆம்பளைங்களும் மொட்டை போட்டுக்கினாங்க.”

மோகனப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிங்க மேடம், பரவால்ல. மருந்து உண்டா, இல்லியா? தள்ளிப்போட்டா கட்டி மறுபடி வளந்துடுமோன்னு பயமா கீது.”

மோகனப்ரியாவின் சிரிப்பு நின்றது.

4

முதல் முடிவு: மோகனப்ரியா கம்ப்யூட்டரையும் மலைக்குத் தூக்கிப் போய்... (அதற்கு முடி கிடையாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முடிவு: டாக்டர் விஷயத்தைக் கேட்டு, “அட, ஊசி போடலாம்மா!” என்றுவிட்டார். ஆனால் கம்ப்யூட்டர் விடவில்லை. கேள்வி அப்படியே நிற்கிறது: 'முடி இழப்பு?' ஆம் என்றால் மருந்து நிற்கும். இல்லை என்றால் வண்டி கிளம்பும். வேண்டுதல் என்று சொல்ல இடமே இல்லை.

மோகனப்ரியா பொய்த் தகவல் பதியாதவள். எனக்கோ பொய் சொல்வதே பிழைப்பு, என் விரலை நம்ப முடியாது. ஆகவே வாசகரே, நீங்கள் அழுத்துங்கள். தேவசேனா இழந்தாளா, கொடுத்தாளா?

யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். அவள் நகரி வெயிலில் நிற்கிறாள், தலையில் முடி வேறு இல்லை.