எலிக்கு அடுத்த ஆள்

...பின்மண்டையில் நாலு விரல் அகலத்துக்கு நரையை அப்படியே விட்டுவிட்டாரே, கண்ணாடியைப் பார்த்துத் தாங்களே சாயம் பூசிக்கொள்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், முன்பக்கம் கறுத்தால் போதும் என்று எழுந்துவிடுவார்கள், ஆனால் ஆஸ்பத்திரி விழா மேடையில் பேராசிரியருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தது ஒரு சலூன்காரரை அல்லவா, அவர் கண்ணில் வேறு என்ன படும்... சே, கையைக் கொடுத்த மனுஷன் தலையைப் போய்க் குறை சொல்லலாமா. கொடுத்தவர்தான். ஏணியிலிருந்து விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி, இடது கை இரண்டு வருஷம் இறுக மூடிக் கிடந்தபோது, வலது கழுத்து நரம்புகளில் ஒன்றை எடுத்து இடது பக்கத்துக்குத் திருப்பிவிட்டவர். அடிபடாத பாதி மூளையே இனி இரண்டு கையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று... "ஒரே மருமக ரெண்டு வீட்டுக்கும் சமைக்கிற மாதிரி" என்றாள் மனைவி, டாக்டர்கள் ஒரு மணி நேரம் படம் வரைந்தும் புரியாதது அதில் புரிந்தது. மூன்று மாதமாக விரல்கள் விரிகின்றன, ஒரு நாள் விரியும், மறுநாள் முறைத்துக்கொள்ளும். வலது கைக்கென்ன, கத்தரியைப் பிடித்தால் ஆயிற்று, சீப்பால் முடியைத் தூக்கிக் கொடுப்பதும் தலையை இப்படி அப்படிச் சாய்ப்பதும் இடது கை வேலை, அது இல்லாமல் கடையைத் திறந்தால் யார் காது தப்பும்? "இன்னிக்கு விரிஞ்சா திங்கக்கிழமை கடையத் திறக்கிறோம். இல்லன்னா வேற ஆளுக்கு விட்டுடலாம், என்னால இனிமே பூட்டத் தொடச்சிட்டு இருக்க முடியாது" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள், அதோ முதல் வரிசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பேராசிரியர் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், இயக்குநருக்கு, கட்டடம் கட்டியவருக்கு, துறைத் தலைவருக்கு... துறைத் தலைவரே அவர்தானே? திரையில் எலி வந்தது. எலி என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை, ஆய்வு விலங்கு என்றார், அதற்கும் ஒரு கௌரவம். கண்ணாடிக் குழாய்க்குள் பின்னங்காலில் எழுந்து நின்று வலது கையால் மட்டும் சுவரைத் தடவியது, இடது கை மார்போடு மடங்கிக் கிடந்தது, ஐயோ, நம்மைப் போலவே. அடுத்த படம், சில மாதம் கழித்து. எழுந்தது, தயங்கியது, இடது கை மெல்ல விரிந்து கண்ணாடியில் பதிந்தது, நாலே நாலு ரோஜா நிற விரல்கள். அரங்கம் கைதட்ட, பேராசிரியர் தலை வணங்கினார். அடடா, நீ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயே, அதனால்தானே என் கழுத்தில் துணிந்து கத்தி வைத்தார்கள்...

"இப்ப இவரைப் பாருங்க! இடது கைய விரிங்க!"

எழுந்து நின்று நீட்டியும் விரியவில்லை. விரி, விரி என்று உள்ளே எவ்வளவு கெஞ்சினாலும் முஷ்டி முஷ்டியாகவே இருந்தது, சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவி பார்க்கவே இல்லை, குனிந்துகொண்டாள், போயிற்று, கடை போயிற்று... பேராசிரியர் சிரிப்பு மாறாமல் முஷ்டியைப் பார்ப்பதுபோல் குனிந்து, "மானத்த வாங்காதீங்க ஐயா, விரிங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னார். குனிந்த தலை நேரே நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது, அந்த நரையின் மேல் நல்ல வெளிச்சம், எத்தனை ஆயிரம் தலை இதே உயரத்தில்... "லேசாச் சாஞ்சுக்குங்க" என்று வாய் சொன்னது, ஒரு உள்ளங்கை அவர் நெற்றிப்பொட்டில் பதிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்தது. பேராசிரியரும் சாய்ந்துகொடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்த எந்த மனிதரையும் போல. அரங்கம் சிரித்து, எழுந்து நின்று தட்டியபோதுதான், அது தன் எந்தக் கை என்று சலூன்காரர் பார்த்தார்.

படியிறங்கும்போது கண் நிறைந்திருந்தது, யாரைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றியது. "திங்கக்கிழமை, ஞாபகம் இருக்கட்டும். முதல் தலை அந்தப் பேராசிரியரோடது, பார்க்கச் சகிக்கல" என்று மனைவி மூக்கை உறிஞ்சினாள். கதவோரம் எலிக்கூண்டுகளைப் பராமரிக்கிறவர் நின்றிருந்தார்.

"தம்பி, படத்துல வந்த அந்த எலி நல்லாயிருக்கா?"

"அதுவா? அந்தப் படம் எடுத்த வாரமே முடிச்சாச்சுண்ணே. நரம்பு ஒட்டியிருக்கான்னு அறுத்துத்தானே பார்க்கணும்."

அந்த ஒரு வாரம் அந்தக் கையால் என்ன பிடித்திருக்கும், உமி, துணி, இன்னொரு எலியின் காது... கை விரிந்தது அதற்குத் தெரிந்தாவது இருக்குமா? இவருக்கே அரங்கம் கைதட்டித்தான் தெரிந்தது. அதற்கு யார் சொன்னார்கள்...