எண்ணாத இருபத்தொரு பந்துகள்

ஆக்லாந்து ஹெரன்ஸ் அணியை மூடுவதென்று முடிவான வாரத்திலேயே அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு ஆனந்தராசாவிடம் வந்தது. ஐந்து கோடைகள் மட்டுமே ஆடிய தொழில்முறை பேஸ்பால் அணி அது. வார நாட்களில் ஆய்வுகூட வேலை பார்க்கும் அவர், அந்த ஐந்து கோடையும் சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் அங்கே நின்று ஸ்கோர் பலகையைக் கவனித்தவர்.

"இருபது பக்கம் போதும் சார்," என்றாள் அணி அலுவலகத்தில் வேலை பார்த்த மதுரைப் பெண் அஸ்வினி. "கடைசி மீட்டிங்ல ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம். ரொம்ப அழுகாச்சியா எழுதிடாதீங்க."

பழைய ஸ்கோர் தாள்கள் நான்கு பெட்டிகளில் அவருடைய பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்து இறங்கின. மனைவி இராசமலர் அவற்றைப் பார்த்து, "தோத்ததை எழுதி வைக்கிறதுக்கே நாலு பெட்டியோ?" என்றார்.

அதில் பிழையில்லை. முதல் கோடையில் தொடர்ந்து பதினொரு ஆட்டங்கள் தோற்ற அணி அது. ஆனால் வெற்றி தோல்விக்காக மட்டும் அந்த அணி இருக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கிளப்புகள் மைனர் லீக் என்னும் தங்கள் கீழ்நிலை அணிகளில் வளர்க்கும் இளைஞர்களை, அங்கே பனி கொட்டும் மாதங்களில், கோடை நடக்கும் நியூசிலாந்துக்கு அனுப்பிவைக்கும். பத்தொன்பது, இருபது வயதில் வருவார்கள். ஐந்து கோடைகளில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அமெரிக்காவின் பெரிய லீக் வரை போய்ச் சேர்ந்தவன் ஒருவன். மற்றவர்களுக்கு இரண்டிரண்டு வரி எழுதினார் ஆனந்தராசா. ஒருவன் டெக்சஸில் கூரை போடுகிறான். ஒருவன் தகப்பனோடு லொறி ஓட்டுகிறான். பதினேழு பேர் எங்கே என்றே தெரியவில்லை.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒரே தமிழன், ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் வளர்ந்த ரஜிதன். பள்ளி சாஃப்ட்பாலில் தொடங்கிப் பதினெட்டு வயதில் அமெரிக்க கிளப் ஒன்றோடு ஒப்பந்தமானவன். மூன்றாவது கோடையில் கிளப் அவனை ஹெரன்ஸுக்கு அனுப்பியது. முழங்கையில் நோவு இருந்ததால் ஓர் ஆட்டத்தில் அறுபது பந்துக்கு மேல் எறியக்கூடாது என்பது நிபந்தனை.

அவனைப் பற்றி ஆனந்தராசா எழுதியிருந்தது இது: 'திறமை இருந்தும் ஒழுக்கம் குறைந்ததால் வாய்ப்பை இழந்தவர்.'

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஜனவரி ஆட்டம் ஒன்றில், ஐம்பத்துநான்காவது பந்தில், அவனுடைய முழங்கைத் தசைநார் அறுந்தது. அறுபதுக்குள் அறுவதற்கு நியாயமில்லை. ஆகவே முதல்நாள் ஒளித்து அளவுக்கு மீறி எறிந்திருக்கிறான், கேட்டபோது பொய் சொல்லியிருக்கிறான் என்று முடிவுகட்டி, கிளப் அவனை விலக்கியது. பிறகொரு நாள் கோயிலில் அவன் இடக்கையை நீட்டித் திருநீறு வாங்கியதை ஆனந்தராசா கண்டார். பண்பில்லாத பிள்ளை என்று நினைத்தார். எதிரே வந்தவனைக் காணாதவர்போல் குனிந்து செருப்பைத் தேடினார்.

ஒரு ஞாயிறு மதியம் அந்த ஜனவரி ஆட்டத்தின் தாளை அவர் எடுத்தது நல்ல எண்ணத்தில்தான். அன்று எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தான் என்று பார்த்து, அவனுக்கும் ஒரு நல்ல வார்த்தை சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். அன்று ஸ்கோர் எழுதியவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஒவ்வோர் எறிக்கும் கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கும் பழக்கமுள்ளவர். ஆனந்தராசா புள்ளிகளை எண்ணினார். எழுபத்தைந்து வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். அப்போதும் எழுபத்தைந்துதான்.

அந்தப் புள்ளிகளை அன்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பந்து எண்ணுவதற்கென்றே ஒருவர் கையில், அமுக்க அமுக்க எண் கூடும் கிளிக்கரோடு இருந்தார். வழக்கமாக எண்ணுபவருக்குக் காய்ச்சல் என்பதால், அன்று அந்தக் கிளிக்கர் ஆனந்தராசாவின் கையில் இருந்தது.

நான்காம் சுற்று முடிந்து வியர்வையோடு வந்த ரஜிதன் அவர் பக்கம் குனிந்து கேட்டது நினைவுக்கு வந்தது. "அங்கிள், எத்தினை?"

"நாப்பத்தெட்டு, தம்பி."

"நிச்சயமோ? கை ஒருமாதிரி கிடக்கு."

"இருவது வருசம் கிரிக்கெட் அம்பயரா நிண்டு எண்ணினவனிட்டக் கேக்கிறாய்."

பையன் சிரித்துவிட்டு ஐந்தாம் சுற்றுக்குப் போனான்.

அன்று மாலை தொலைக்காட்சியில் அமெரிக்க ஆட்டம் ஒன்று நடந்தது. ஆனந்தராசா தம் பழைய அம்பயர் கிளிக்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த இராசமலரிடம், ஒவ்வோர் எறிக்கும் ஒரு துண்டை வேறாக எடுத்துவைக்கச் சொன்னார். இரண்டு சுற்று முடிந்தபோது கிளிக்கரில் இருபத்துநாலு. தட்டில் முப்பத்தொரு துண்டுகள்.

"வெளியால போன பந்துகளுக்கு நீங்கள் அமத்தேல்லை," என்றார் இராசமலர்.

"அமத்தினனான்."

"இல்லையப்பா. நான் உங்கட விரலைத்தான் பாத்தனான். அது அசையேல்லை."

கிரிக்கெட்டில் வைட் போன பந்து ஓவர் கணக்கில் சேராது. இருபது வருடங்கள் அந்தப் பெருவிரல் வைட் பந்துக்கு அசையாமல் இருக்கப் பழகியிருந்தது. பேஸ்பாலில் எப்படிப் போனாலும் எறிந்தது எறிந்ததுதான் என்று அவருக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை. கிளப் நடத்திய விசாரணையிலும் 'ஐம்பத்துநாலு, நானே எண்ணினேன்' என்று கையெழுத்து வைத்தவர் அவர்.

மறுநாள் அஸ்வினிக்குத் தொலைபேசினார். நடந்ததைச் சொன்னார்.

"சார், அந்த வரியைத் தூக்கிடுங்க, போதும். அந்தப் பழைய ஷீட்டை யாரு பார்க்கப் போறா? அமெரிக்காக்காரன் திரும்பக் கூப்பிடவா போறான்? நீங்க வேணும்னு செய்யலையே."

அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள். அவரும் வரியை அழித்தார். பிறகு கைகால் கழுவிச் சாமி அறைக்குப் போய்த் திருநீற்றுத் தட்டில் விரல் வைத்தார். பெருவிரல் கண்ணில் பட்டது. நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"வரியை அழிச்சிட்டியளோ?" வாசலில் நின்ற இராசமலர் கேட்டார்.

"ஓம்."

"பெடியன்ர பேரிலை ஒட்டினதை ஆர் அழிக்கிறது?"

ஆனந்தராசா அன்றே அமெரிக்க கிளப்புக்கு நடந்தது முழுவதையும் எழுதி, தாளின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். சனிக்கிழமை பாபகூராவுக்கு ரயில் ஏறினார்.

ரஜிதனின் குடும்பம் அங்கே ஒரு டெய்ரி நடத்தியது. பாலும் பாண் ரொட்டியும் சிகரெட்டும் விற்கும் சின்னக் கடை. ரஜிதன் இடக்கையால் ஒரு பெண்ணுக்குப் பாண் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலக்கை விலாவோடு பாதி மடங்கியபடியே இருந்தது. அது நீளாது என்பது ஆனந்தராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கோயிலில் அவன் ஏன் இடக்கையை நீட்டினான் என்பதும் விளங்கியது.

"வாங்கோ அங்கிள்," என்றான் அவன், அந்நியருக்குச் சொல்வதுபோல. "என்ன வேணும்?"

ஆனந்தராசா மேசையில் தாளை விரித்தார். நின்றபடியே சொன்னார். புள்ளிகள், கிளிக்கர், வைட், விரல். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை ரஜிதன் தாளையே பார்த்தான்.

"நிச்சயமோ எண்டு கேட்டனான். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு, தம்பி."

"அப்பாவும் நீங்கள் சொன்னதைத்தான் நம்பினவர். ஆனந்தராசா பிழையா எண்ணமாட்டான் எண்டு." அவன் சுவரைப் பார்த்தான். அங்கே மாலையிட்ட படமாக அவன் தகப்பன் மகேசன் இருந்தார். "அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரியிலயும் கேட்டார், 'உண்மையைச் சொல்லடா, ஒளிச்சு எறிஞ்சனியோ?' எண்டு. கேட்டுக் கேட்டு ஏலாமப் போச்சு அவருக்கு. கடைசியா, 'ஓம் அப்பா, எறிஞ்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான் நித்திரை கொண்டார்."

கடையின் உள்வாசலில் அவன் தாய் கஜானி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. அவர் மெதுவாக வந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரின் படத்தைப் பார்த்தார்.

"இப்ப இதை அவருக்கு ஆர் போய்ச் சொல்லுறது, அண்ணை?"

கஜானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஆனந்தராசா கைகளைக் குவிக்கப் போனார். ரஜிதன் தடுத்தான்.

"சோரி சொல்ல வேண்டாம் அங்கிள். சொன்னா நான் இட்ஸ் ஓகே எண்டு சொல்லோணும். இட்ஸ் நாட்."

"ஓம்," என்றார் அவர். "வரலாற்றிலை எழுதுறன். என்ர பேரைப் போட்டு, நான் பிழையா எண்ணினன் எண்டு. கிளப்புக்கும் எழுதிட்டன்."

"எழுதுங்கோ. அம்மா வாசிப்பா."

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு உரிமையில்லை. தாளை அவனிடமே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. சட்டைக் கழுத்தை உயர்த்திக்கொண்டு இறங்கப் போனவரைப் பின்னாலிருந்து குரல் நிறுத்தியது.

"ட்ரெயினுக்கு இன்னும் இருவது நிமிசம் கிடக்கு. நனையப் போறியள்."

ரஜிதன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுத்தக் குடையை எடுத்து நீட்டினான். இடக்கையால்தான் நீட்டினான்.

"அப்பான்ர குடை. திருப்பிக் கொண்டுவரோணும்."

ஆனந்தராசா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.