ஐந்தாம் தகடு

என் மனைவியின் தங்கை எங்கள் ஷெட்டுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் மாதமே அவள் திருடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ஷெட் என்றால் அடிபட்ட கார்களைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கிற இடம். டிங்கர் நசுங்கிய தகட்டை நிமிர்த்துவார். தேய்ப்புக்காரர்கள் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். நான் நிறம் கலப்பேன். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரு காரின் ஒரே ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்துப் பாருங்கள், அப்போது தெரியும். மற்ற மூன்று கதவுகளும் பல வருஷம் வெயிலில் வெளுத்திருக்கும். கம்பெனி கொடுத்த கணக்குப்படி கலந்தால் புதுக் கதவு மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இதில் அரை கிராம், அதில் கால் கிராம் என்று சேர்த்துச் சேர்த்து, எது புதுசு எது பழசு என்று காரின் சொந்தக்காரருக்கே தெரியாதபடி செய்ய வேண்டும்.

அந்த வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் தேய்ப்பில் கிடந்தேன். தேய்ப்பில் இருப்பவனுக்கு விரல் ரேகை அழிந்துபோகும். சோப்பு பட்டாலே எரியும். அங்கிருந்து நிறம் கலக்கும் மேசைக்கு, அதன் முன்னால் இருக்கும் முதுகில்லாத ஸ்டூலுக்கு, நான் சும்மா வந்துவிடவில்லை. கலந்த ஒவ்வொரு நிறத்தையும் நோட்டில் எழுதினேன். எத்தனை கிராம், எத்தனை கோட், எந்த அழுத்தத்தில் ஸ்ப்ரே, அன்றைக்கு வெயிலா மழையா, எல்லாம் எழுதினேன். சாயங்காலம் கிளம்பும்போது சாய டப்பாக்களை எடை போட்டுக் குறித்துவிட்டுத்தான் போவேன். ஷெட்டில் எனக்குத் தராசு என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

சின்னவள், அதாவது கொழுந்தியாள், பில் எழுதத்தான் வந்தாள். வயது முப்பத்தைந்து. வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள் என்று என் மனைவி மூக்கைச் சிந்தியதால் முதலாளியிடம் சொல்லி நானே சேர்த்துவிட்டேன். முதல் வாரம் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

“மாமா, அதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இல்ல?”

“பில்லைப் பாரும்மா,” என்றேன்.

அவள் போன பிறகு கால் கிராம் நீலம் சேர்த்தேன். சரியாகப் பொருந்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதை முதலாளி பார்த்துவிட்டார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் மூக்கில் வேர்த்துவிடும். அடுத்த மாதமே பில்லுக்கு வேறு ஆள் போட்டு அவளை என் மேசையில் நிறுத்தினார். நான் எட்டு வருஷம் முட்டி மோதிப் பிடித்த வெள்ளிச் சாம்பலை அவள் எட்டாம் நாள் கலந்தாள். மெரூனைக் கலந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலிஷ்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “பிறவித் திறமைண்ணே. கடவுள் கொடுத்த கண்ணு,” என்று என்னிடமே வந்து சொன்னார்.

பிறவித் திறமையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உழைக்காதவர்கள், உழைத்தவனைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிற சமாதானம் அது. யாராக இருந்தாலும் பத்தொன்பது வருஷம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தால் வரும். உட்காராதவருக்கு வந்தால் அது திருட்டு.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சின்ன வயசுலேருந்தே அவ கண்ணு அப்படித்தாங்க. அம்மா தைக்கும்போது நூல் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவாங்க. கறுப்புலயே மூணு கறுப்பு இருக்கும்பா. எங்களுக்கெல்லாம் ஒண்ணுதான் தெரியும்.”

“நூல் வேற, பெயிண்ட் வேற.”

“உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? சட்டை பட்டனையே எண்ணிப் பார்த்துத்தான் போடுவீங்க.”

ஆனால் என்னிடம் ஆதாரம் இருந்தது. என் நோட்டில், நீல வண்டிக் கணக்கு எழுதிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கட்டைவிரல் ரேகை இருந்தது. எனக்கு ரேகையே கிடையாது, அப்புறம் யாருடையது? இரண்டாவது, டப்பாக்கள். சாயங்காலம் குறித்த எடை காலையில் இருக்காது. ஒன்றில் பதினைந்து கிராம் குறையும், ஒன்றில் இருபது. காலையில் எனக்கு முன்னால் ஷெட்டுக்கு வருவது அவள் ஒருத்திதான். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். நோட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். பூட்டி வைத்தால் திருட்டு எப்படி அகப்படும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போதுதான் முதலாளி ஒரு நாள் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

“தராசு, அடுத்த மாசத்துலேருந்து மேசைக்கு ஒருத்தர் போதும். இன்னொருத்தர் தேய்ப்பைப் பார்த்துக்கட்டும். யாருன்னு இன்னும் முடிவு பண்ணல.”

முடிவு பண்ணாதவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பார். அவர் டம்ளரைப் பார்த்துத்தான் பேசினார். நாற்பத்தெட்டு வயதில் மறுபடி உப்புத்தாளா?

“ஒரு பரீட்சை வைங்க. நானே வைக்கிறேன். அவளுக்கு நிஜமாவே கண்ணு இருக்கான்னு பார்த்துடலாம்,” என்றேன்.

அவர் சம்மதித்தார். நான் ஐந்து தகடுகளுக்குச் சாம்பல் நிறம் அடிப்பதாகத் திட்டம் போட்டேன். ஐந்தில் இரண்டு மட்டும் ஒரே நிறம். எந்த இரண்டு என்று அவள் சொல்ல வேண்டும். நோட்டில், ஒன்றும் நாலும் ஒரே நிறம் என்று எழுதி வைத்தேன். அது பொய். நிஜத்தில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் ஒன்று. அவள் ஒன்றும் நாலும் என்று வாயைத் திறந்தால் போதும், நோட்டைத் திருடிப் படித்தாள் என்று முதலாளிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அதோடு விட்டேனா? எந்தச் சாயத்தைத் தொட்டேன் என்று அவள் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே. முதல் நாளே எல்லா டப்பாக்களின் லேபிள் மீதும் மூடி மீதும் பழுப்புத்தாளை ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். ரேக்கில் இடத்தையும் மாற்றி அடுக்கினேன். எனக்கென்ன, திறந்து பார்த்தால் தெரியாதா? இரண்டாம் தகட்டுக்கும் ஐந்தாம் தகட்டுக்கும் ஒரே கலவையை ஊற்றியிருக்கலாம். என் கை சுத்தம் அப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகத் தனித்தனியாக இரண்டு முறை கலந்தேன். சாம்பலில் இரண்டு கிராம் செங்காவி. எடை துளி பிசகவில்லை. காய்ந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

மறுநாள் பதினொரு மணிக்கு முதலாளி, டிங்கர், பாலிஷ்காரர் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தகடுகளை வரிசையாக வைத்தேன். அவள் ஒரு தரம் பார்த்தாள். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடி தகடுகளைப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“எந்த ரெண்டும் ஒண்ணு இல்ல மாமா,” என்றாள்.

“ஒழுங்கா பாரு.”

“பார்த்துட்டேன். அஞ்சும் அஞ்சு விதம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேட்டீங்களா? கடவுள் கொடுத்த கண்ணு! ரெண்டும் அஞ்சும் ஒண்ணு. இந்தக் கையாலதான் கலந்தேன்!”

அவள் தரையைப் பார்த்தபடி, “அஞ்சு பச்சையா இருக்கு மாமா,” என்றாள்.

முதலாளி இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அவர் பார்த்துவிட்டு டிங்கரிடம் நீட்டினார். டிங்கர் பார்த்துவிட்டு பாலிஷ்காரரிடம் நீட்டினார்.

“பச்சைதாண்ணே,” என்றார் பாலிஷ்காரர் கடைசியில்.

நான் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றேதான். அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. இவர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். முதலாளிக்கு நான் போக வேண்டும், மற்றவர்கள் அவருக்கு ஜால்ரா. இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தவர்கள்!

வாசலில் ஒரு அம்மா தன் காருக்காகக் காத்திருந்தார். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. நான் ஓடிப்போய்த் தகடுகளை நீட்டினேன்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த ரெண்டும் ஒரே நிறம்தானே?”

அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டார். “இல்லையே. இது லேசா செவந்த சாம்பல். இது பச்சை. நல்லாவே தெரியுதே?”

எதற்காக அவர் பொய் சொல்ல வேண்டும்? ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே வந்து, நான் கடைசியாகத் தொட்ட டப்பாவை எடுத்தேன். ஒட்டிய தாள் பிரியவில்லை, என் கையெழுத்து அப்படியே இருந்தது. கிழித்தேன். அடர்பச்சை என்று இருந்தது. பக்கத்து டப்பாவைக் கிழித்தேன். செங்காவி. இரண்டு மூடிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே இருட்டுதான் தெரிந்தது.

பத்தொன்பது வருஷமும் நான் லேபிளைத்தான் பார்த்திருக்கிறேன். சாயத்தைப் பார்க்கவே இல்லை. என் கண்ணால் முடியாததை நோட்டும் எடையும் செய்திருக்கின்றன. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் என்னுடையது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. ஒழுங்கான ஆள் என்று என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவமானத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சரி,” என்றார் முதலாளி. “நாளையிலேருந்து சின்னவ மேசையில உட்காரட்டும்.”

“என்னால முடியாது சார்,” என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினோம்.

“தப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும். எதை எவ்வளவு போட்டா சரியாகும்னு தெரியாது. நான் கலந்ததெல்லாம் மாமா நோட்டைப் பார்த்துத்தான். காலைல வந்து காப்பி பண்ணுவேன். நோட்டு இல்லாம நானா கலந்து பார்ப்பேன். ஒண்ணும் வராது. கொட்டிடுவேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னைக்கும் நோட்டைப் பார்த்தேன். ஒண்ணும் நாலும்னு எழுதியிருந்தது. ஆனா அது ரெண்டும் ஒண்ணு இல்லியே, எப்படிச் சொல்றது?”

ஆக, நான் சந்தேகப்பட்டது சரி. அவள் திருடிதான். நான் எழுந்து குதித்திருக்க வேண்டும். எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க ஒரே வீட்டு ஆளுங்க. யார் உட்காரப்போறதுன்னு நாளைக்குக் காலைல நீங்களே சொல்லுங்க,” என்று போய்விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலாவது நிறுத்தத்தில் கேட்டேன்.

“என் கண்ணு இப்படின்னு எப்பலேருந்து தெரியும்?”

“வந்த ரெண்டாவது வாரமே தெரியும். ஒரு டப்பா லேபிள்ல தின்னர் பட்டு எழுத்து அழிஞ்சிருந்தது. திறந்து பார்த்தாலே தெரியும். நீங்க திறந்து வச்சுக்கிட்டே அடியில நம்பரைத் தேடினீங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க மேசையை விட்டுப் போயிடுவீங்க. அப்புறம் நான் யாரைப் பார்த்துக் கத்துக்கிறது?”

பாவமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். தன் காரியத்துக்காக என்றதால் நம்பினேன். மூன்று மாதத்தில் அவள் சொன்னதில் நான் நம்பிய முதல் வார்த்தை அதுதான்.

“எவ்வளவு காப்பி பண்ணியிருக்க?”

“நூத்திமுப்பது பக்கம்.”

“நாநூறு பக்கம் இருக்கு.”

“தெரியும் மாமா. எனக்கு வராதுன்னு தோணுது. நீங்க எழுதியிருக்கிறது படிச்சாப் புரியுது, கைக்கு வர மாட்டேங்குது. உங்களுக்கே பத்தொன்பது வருஷம் ஆச்சே.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண் இல்லாமல் எனக்குப் பத்தொன்பது. கண் இருப்பவளுக்கு, தகப்பன் மாமன் யாரும் வாங்கிக் கொடுக்காமல் சும்மா பிறந்தபோதே கிடைத்த கண் இருப்பவளுக்கு எவ்வளவு ஆகும்?

“ரெண்டு வருஷம்,” என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

“சும்மா சொல்றீங்க.”

“சும்மா எதுக்குச் சொல்றேன்? நாளைக்கு நீ உட்காரு. நான் பக்கத்துல நிக்கிறேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு வருஷம் கழிச்சு நான் தேய்ப்புக்குப் போயிடறேன்.”

“ஏன் மாமா போகணும்?”

“அதுக்கப்புறம் உனக்கு நான் எதுக்கு?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் நான் நம்பியிருப்பேன்.