பெரியவளின் நூறு மில்லி

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. கடைக்காரர்கள் இப்போதெல்லாம் "பச்சை மூடி போட்ட சோப்பையே அனுப்புங்க, அதுலதான் வாசனை தூக்குது" என்கிறார்களாம். பச்சை மூடி சின்னவள் கலப்பது. பெரியவள் கலப்பது நீல மூடி. மாமியார் பின்கூடத்தில் சோப்புத் திரவம் கலக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாசனை எண்ணெய் அலமாரியின் சாவி பெரியவள் இடுப்பில்தான் இருக்கிறது. நேற்று வந்த ஓரகத்தி அதற்குள் பேர் வாங்கிவிட்டாள். யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு டிரம்முக்கு நூறு மில்லி எண்ணெய். இருவரும் ஒரே பாட்டிலிலிருந்து, ஒரே மாதிரி கண்ணாடிக் குழாயில், ஒரே கோடு வரைக்கும்தான் ஊற்றுகிறார்கள். அப்புறம் அவளுடையது மட்டும் எப்படி மணக்கும்?

"அவ திருட்டுத்தனமா கூட ஊத்துறா அத்தை. வாசனை வராம என்ன செய்யும்?" என்று பெரியவள் போட்டுக்கொடுத்தாள்.

மாமியார் அசரவில்லை. "ரெண்டு பேரும் என் முன்னாடி அளங்க. யாரு அளவு சரியோ அவ கையில சாவி."

சுவரோடு இருந்த தட்டில் இரண்டு குழாய்களும் நின்றன. பெரியவள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கல்யாணத்தில் ஊரே கண் வைத்த உயரம் அது. நின்றபடியே கீழே பார்த்து ஊற்றினாள், கச்சிதமாகக் கோட்டில் நின்றது. அவள் தோளுக்குக்கூட எட்டாத சின்னவளும் ஊற்றி முடித்தாள். பெரியவள் மேலிருந்து பார்த்தபோது சின்னவளுடையது கோட்டைத் தாண்டியிருந்தது!

"பாத்தீங்களா அத்தை!"

கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆசையில் பெரியவள் முதல்முறையாகக் குனிந்தாள். மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்தாள். சின்னவள் குழாயில் எண்ணெயின் நடுக்குழிவு சரியாகக் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது, ஒரு சொட்டுகூட அதிகமில்லை. பக்கத்தில் தன் குழாயைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே கிடந்தது. நிமிர்ந்தாள், சரியாக இருந்தது. மறுபடி குனிந்தாள், குறைந்தது. இத்தனை காலமும் உயரத்திலிருந்து பார்த்து, குறைந்ததை நிறைந்ததாக எண்ணி ஏமாந்தது அவள்தான்.

மாமியாருக்குக் கண் மங்கல். "என்னடி, கூடவா இருக்கு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி அவளிடமே தங்கிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் சின்னவள் சொட்டுக்குழாயை எடுத்து, "சண்டை எதுக்கு அக்கா, நான் வேணா கொஞ்சம் எடுத்துடறேன்" என்றாள்.

அந்த நல்லதனம்தான் பெரியவளை இன்னும் எரித்தது. இதிலும் இவளே பேர் வாங்குவதா?

"ஒண்ணும் எடுக்க வேணாம். எனக்குத்தான் குறையுது" என்று வெடுக்கெனச் சொன்னாள். சொட்டுக்குழாயைப் பிடுங்கித் தன் குழாயில் குறைந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இடுப்புச் சாவியை அவிழ்த்துச் சின்னவள் கையில் திணித்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிடி சரியா வருது?"

"எனக்கென்னக்கா தெரியும்? நின்னா கோடு என் கண்ணுக்கு நேரா வருது, அவ்ளோதான்."

வாழ்க்கையில் குட்டையாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஒன்றுதான் பெரியவளுக்குப் பாக்கி இருந்தது. அதுவும் நடந்துவிட்டது.

வேலை முடிந்ததும் எண்ணெய் பாட்டிலைப் பெரியவளே எடுத்துவைத்தாள். வழக்கமான இடத்தில் இல்லை, அலமாரியின் உச்சித் தட்டில்.

"வேணும்னா கூப்பிடு, எடுத்துத் தர்றேன்" என்றாள்.