கதவுச் சட்டத்தில் ஒரு செங்கோணம்

1

மனிதகுலம் ஒளியையே அடக்கி மண்ணுக்கடியில் ஓடவிட்ட மகத்தான வரலாற்றை இங்கே எழுதப் புகுகிறேன்.

(மேலே எழுதியதை அடித்துவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் ஊர்க் கூடத்தில், வாஃபிள் அப்பத்துக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் அதன்மேல் வைக்கும் பழுப்புப் பாலாடைக்கட்டியை வழித்தெடுத்துவிட்டார். அந்தக் கோபமும் கதையில் கலந்திருக்கலாம்.)

2

மறுபடியும். நார்வேயில், மலைச்சரிவில் எங்கள் ஊர். கோடை முழுக்க ஊரே கூடிக் கூலியில்லாமல் பள்ளம் தோண்டி, இணையத்துக்காகக் கண்ணாடி இழை புதைத்தோம். வீட்டுக்கு ஓர் இழை. அவரவர் வாசல் பள்ளம் அவரவர் பொறுப்பு.

இங்குன் ஆடு வளர்ப்பவள். எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவரும் அவளே. இணைப்பு வந்தால் நகர மருத்துவமனைப் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வராவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு நகரத்துக்குக் குடிபோக வேண்டும். திங்களன்று மருத்துவமனைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நவம்பரில் ஊர்க் கூடத்தில் திறப்பு விழா. சங்கத் தலைவர் ஹால்வார் ஓய்வுபெற்ற தச்சர். விழாவுக்கென்றே இங்குன் வீட்டு இழையைக் கூடத்துக் கதவுச் சட்டத்தை ஒட்டித் தன் மேசைவரை இழுத்திருந்தார். "ஒளியின் யுகம்" என்று முழங்கிப் பொத்தானை அழுத்தினார்.

இங்குனின் கணவன் வீட்டிலிருந்து போனில் சொன்னான்: "இங்க பெட்டியில ஒரு விளக்கும் எரியல."

3

இந்த இடத்தில் எனக்கு நாயகன்மேல் சந்தேகம் வருகிறது. நாயகன் ஹால்வார் அல்ல, ஒளி. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி. அதற்குள் இன்னும் மெல்லியதாக வேறொரு கண்ணாடி. உள்ளே நுழைந்த ஒளி ஓரத்தில் சாய்வாக மோதித் திரும்புகிறது, மறுபடி மோதித் திரும்புகிறது. தட்டைக் கல்லை ஏரிமேல் சாய்த்து வீசினால் தத்திப் போகுமே, அப்படி. செங்குத்தாகப் போட்டால் கல் மூழ்கிவிடும். சாய்வு மாறாதவரை இந்தக் கல் மலைகளைத் தாண்டி, கடலடியைத் தாண்டி, ஒரு குழந்தையின் விலா எலும்பைக்கூடச் சுமந்துகொண்டு

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

4

"இங்குன், உன் பள்ளத்துலதான் கோளாறு. கல்லு மேல போட்டு நசுக்கிருப்ப," என்றார் ஹால்வார்.

"நீதான வந்து மட்டம் பாத்த? அப்ப கண்ணு எங்க போச்சு?"

"இப்பத் தோண்ட முடியாது. மண்ணு உறைஞ்சு கெடக்கு. வசந்தம் வரட்டும்."

"வசந்தத்துல நான் இங்க இருக்க மாட்டேன், ஹால்வார்."

இணைப்புகளைச் சோதிக்க வந்த மாரித் குறுக்கிட்டாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. யாராவது விளக்க அணைங்க."

மேசைப்பக்கமிருந்து இழைக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தினாள். இருட்டில் கதவுச் சட்டத்தின் மூலை மட்டும் கனிந்து சிவந்தது. அங்கேதான் ஹால்வார், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டுமென்று, இழையைச் சரியான செங்கோணத்தில் மடித்து ஆணி அடித்திருந்தார்.

"வளைஞ்சா போகும். மடிச்சா வெளிய ஒழுகிரும்," என்றாள் மாரித்.

அத்தனை தூரம் போகக்கூடிய ஒன்று, ஓர் ஆணியிடம் தோற்று, எங்கள் கண்முன்னே கசிந்துகொண்டிருந்தது. உவமை தேடினேன். தேவைப்படவில்லை.

"மூலை கச்சிதமா இருக்கு ஹால்வார்," என்றாள் இங்குன்.

5

(அ) ஹால்வார் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

(ஆ) ஒளியின் மீதே குறை சொன்னார்.

(இ) ஆணியைப் பிடுங்கிவிட்டு, எல்லோரும் போனபிறகு கதவுச் சட்டத்தை ஓங்கி

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இங்குன் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த இழை வழியே அவளுக்கு வந்த முதல் படம், எலும்பு முறிந்த ஒரு கால் பெருவிரல். யாருடையது என்று அவள் சொல்ல மாட்டாள். அந்த வாரம் ஊரில் நொண்டியவர் ஹால்வார் மட்டும்தான்.